உப்புப் பார்க்கிற மூக்கு

"பதினேழு! டோக்கன் பதினேழு யாருங்க?"

பள்ளிக்கூடத்துக்குள்ளிருந்து நர்ஸம்மாவின் குரல் வந்தபோது, பதினேழாம் டோக்கனை மடியில் முடிந்திருந்த தவசி எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார். வழியில் காயப்போட்டிருந்த மிளகாயை மிதித்தார். "ஏய் பெருசு, கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்ற வசவை வாங்கிக்கொண்டார். சத்துணவுக் கூடத்தின் பின்வாசலில் போய் நின்றபோது ஐம்பத்தெட்டு வயசு உடம்பு தஸ்ஸுபுஸ்ஸென்று இரைத்தது.

அடுப்படியில் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்த கூத்தையா திரும்பினான். தவசியின் மனைவி சேதுலட்சுமிக்கு உடன்பிறந்த தம்பி. சிக்கல் வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, அவன் அய்யா காலத்திலிருந்து அடுப்பு அவர்களுடையதுதான். இன்றைக்கு மருத்துவ முகாமுக்கும் சாப்பாடு அவன்தான்.

"மாப்ள, சீக்கிரம் சொல்லு! கூப்பிட்டுட்டாக!"

"ஒண்ணு காப்பித்தூள். ரெண்டு கற்பூரம். மூணு எலுமிச்சம்பழம். நாலு புதுமடம் கருவாடு..."

"எந்த ஊருன்னா கேக்கப்போறாக? மேல சொல்லுலே!"

"அஞ்சு மல்லியப்பூ. ஆறு மண்ணெண்ணெய். ஏழு பூண்டு. எட்டு பெருங்காயம். காலையில டாக்டரம்மா எங்கிட்டதான் எல்லாத்தையும் கேட்டு வாங்குனாக மச்சான். டப்பாவுல நம்பர் ஒட்டுனதும் என் கண்ணு முன்னாலதான். உங்களுக்காகச் சொல்றேன். வேற ஒரு ஈ காக்காகிட்ட மூச்சு விடல."

கட்டைவிரல்களை விட்டுவிட்டு, மற்ற எட்டு விரல்களிலும் எட்டு வாசனையை ஏற்றிக்கொண்டு தவசி திரும்ப ஓடினார்.

விஷயம் இதுதான். 2006, மாசி மாதம். மதுரையிலிருந்து வீரலட்சுமி என்கிற டாக்டர், ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு மோப்பப் பரிசோதனை செய்ய வந்திருந்தார். கறுப்புத் தாள் சுற்றிய எட்டு டப்பாக்கள். மூடியில் ஊசித் துளை. மோந்து பார்த்து உள்ளே இருப்பது என்னவென்று சொல்ல வேண்டும். கை கால் நடுங்குகிற நரம்புக் கோளாறு, நடுக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே சிலருக்கு மூக்கில் தலைகாட்டிவிடுமாம்.

ஊரில் மற்றவனுக்கு மூக்கு போனால் வாசனை போச்சு, அவ்வளவுதான். தவசிக்குப் போனால் மானமே போச்சு.

கருப்பணசாமி கோயில் கிடாவெட்டில், படையல் போடும்வரை கறிக்குழம்பை ஒருத்தரும் நாக்கில் வைக்கக் கூடாது. அப்புறம் உப்பு? கொதிக்கிற அண்டாவின் ஆவியை மோந்தே உப்புச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். முன்பு தவசியின் அய்யா சொன்னார். பதினோரு வருஷமாகத் தவசி சொல்கிறார். மேளம் நிற்கும். தவசி கண்ணை இறுக மூடி, அண்டாவுக்கு மேலே குனிந்து, மூன்று முறை மூச்சை இழுப்பார். ஊரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூத்தையா தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு பக்தியோடு நிற்பான். "இன்னும் ஒரு கை" என்பார் தவசி. கூத்தையா உப்பை அள்ளிப் போடுவான். முதல் பரிவட்டம் தவசிக்கு.

அந்தப் பரிவட்டத்தின் மேல் பங்காளி பூமிநாதனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

ஒருத்தருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இரண்டு வருஷமாகத் தவசியின் மூக்கில் ஒரு வாசனையும் ஏறுவதில்லை. போன இரண்டு கிடாவெட்டிலும் வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஒரு தடவை அரைக் கை. மறு தடவை இரண்டு கை. இரண்டு தடவையும் உப்பு அச்சாக நின்றது! கருப்பனே தன் மூக்கில் வந்து உட்கார்ந்து உப்புப் பார்க்கிறான் என்று தவசி முடிவு கட்டிவிட்டார். அடுத்த கிடாவெட்டு வருகிற வெள்ளிக்கிழமை.

பரிசோதனையில் தவசிக்கு எட்டுக்கு எட்டு. விரலை மடக்கினார், விடையைச் சொன்னார். மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தவர், பதினெட்டாம் டோக்கன் பூமிநாதனும் எட்டுக்கு எட்டு என்றதும் லேசாகச் சுருங்கினார்.

மத்தியானம் எல்லாரையும் வேப்பமரத்தடியில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு டாக்டர் பேசினார்.

"முப்பத்தாறு பேர் வந்தீங்க. முப்பத்தாறு பேரும் எட்டுக்கு எட்டு. இப்படி ஒரு ஊரை நான் பார்த்ததே இல்ல."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

"ஏழாம் நம்பர்ல என்ன இருந்துச்சு?"

"பூண்டு!" வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி முப்பத்தாறு குரலும் ஒன்றாக வந்தன.

"வெறும் தண்ணி."

முப்பத்தைந்து தலைகள் குனிந்தன.

பூமிநாதன் மட்டும் விடவில்லை. "பூண்டு உரிச்ச கையோட தண்ணிய ஊத்தியிருப்பீக டாக்டரம்மா."

"புது டப்பாய்யா. பூண்டு டப்பாவை நான்தான் மாத்தி வச்சேன். நம்பர் ஒட்டும்போது ஒருத்தர் உதட்டை அசைச்சு மனப்பாடம் பண்ணிட்டு இருந்தார்."

முப்பத்தாறு தலைகளும் சத்துணவுக் கூடத்தின் பக்கம் திரும்பின.

"ஏலே கூத்தையா! எங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்னு சூடத்துல அடிச்ச!"

"எங்கிட்டயும் அதையேதான் சொன்னான்!"

சாம்பார் கரண்டியோடு கூத்தையா கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுபடியும் பரிசோதனை. இந்தத் தடவை நம்பர் இல்லை, வரிசை மாறிவிட்டது, ஒவ்வொருத்தராக உள்ளே. தவசியோடு சேதுலட்சுமியும் போனாள். டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். டப்பாவைத் திறந்தே மூக்குக்குக் கீழே பிடித்தார். தவசி ஆழமாக இழுத்தார்.

"மல்லியப்பூ," என்றார் சொக்கிப்போய்.

கண்ணைத் திறந்தார். கருவாடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளாங்கய்யா?" டாக்டரின் குரல் தணிந்திருந்தது.

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமாவா?" சேதுலட்சுமி பாய்ந்தாள். "அப்ப என் குழம்பு மணக்குது மணக்குதுன்னு சொன்னதெல்லாம்?"

"தூக்கத்துல கத்துறது, கை காலை உதறுறது உண்டா?"

"உதறுறதா? போன மாசம் கட்டில்ல இருந்து என்னைய உதைச்சே தள்ளிட்டாரு. கேட்டா, கனவுல பூமிநாதனை உதைச்சாராம்."

டாக்டர் சிரித்துக்கொண்டே அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார். வலது கை வீசியது. இடது கை தொங்கியபடியே வந்தது. டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதினார்.

"மூக்கு போனவங்களுக்கெல்லாம் இந்த நோய் வரும்னு இல்ல. உங்களுக்கு இருக்குன்னும் நான் சொல்லல. ஆனா சீக்கிரம் பார்த்துடணும். மதுரையில நரம்பு டாக்டர்கிட்ட இடம் வாங்கித் தர்றேன். வர்ற வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. இதை விட்டா மூணு மாசம் ஆகும்."

"வெள்ளிக்கிழமை நான் வர ஏலாது," என்றார் தவசி.

சேதுலட்சுமி கெஞ்சினாள், வைதாள், அழுதாள். அவர் அசையவில்லை. கடைசியில் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சத்துணவுக் கூடத்தின் கதவைத் தட்டித் தம்பி முன்னால் நிறுத்தி, நடந்ததைக் கொட்டினாள்.

"நீயாவது சொல்லுடா. கை விளங்காமப் போனா யாரு பாக்குறது?"

"மச்சான், பரிவட்டத்த ஒரு வருஷம் பூமிநாதன் கட்டிட்டுப் போறான், விடுங்க."

"பரிவட்டத்துக்கா நான் நிக்கிறேன்? யோசிச்சுப் பாருலே. மூக்கே இல்லாதவன் ரெண்டு வருஷம் உப்புச் சரியாச் சொல்லியிருக்கேன். அது யாரு? கருப்பன்! அவன் என் மூக்குல வந்து உக்காந்திருக்கையில நான் மதுரைக்கு பஸ் ஏறுனா, படையல்ல உப்புத் தப்பும். ஊரு தாங்குமா? எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்."

கூத்தையா அக்காளைப் பார்த்தான். அவள் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். கோயில் இருக்கிற திசையைப் பார்த்தான். கன்னத்தில் மூன்று தரம் போட்டுக்கொண்டான்.

"நீங்க பஸ் ஏறுங்க மச்சான். உப்புத் தப்பாது."

"அதெப்படிலே நீ சொல்ற?"

"நீங்க கண்ண மூடி மோக்கும்போது, நான் துண்டால வாயப் பொத்திக்கிட்டு நிப்பேன்ல?"

"ஆமா. பக்தி."

"பக்தி இல்ல மச்சான். துண்டுக்குள்ள கரண்டி. நீங்க எத்தனை கை சொன்னாலும் சரி, என் நாக்கு சொன்னதத்தான் போட்டேன்."

தவசி பக்கத்திலிருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷமாவாடா?"

"பதினோரு வருஷமா மச்சான். அதுக்கு முன்னாடி உங்க அய்யா கண்ண மூடி மோக்கும்போது, எங்க அய்யா."