நெற்றி எட்டும் தூரம்

என் அப்பாவுக்குச் சடையன் என்று பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் தலையில் முடி கிடையாது. பஸ் டிப்போவில் மற்ற டிரைவர்கள், "சடையண்ணே, சீப்பு இருந்தா குடேன்" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்டா" என்பார். வழுக்கை அவரை ஒரு நாளும் வருத்தியதில்லை.

என் தம்பி பிரசாத் அப்படியில்லை. முப்பது வயதுக்குள் முன்தலை காலியாகிவிட்டது. கலெக்டர் ஆபீஸில் வேலை, வேங்கிக்காலில் சொந்த வீடு என்று எல்லாம் இருந்தும், போட்டோ பார்த்த பெண் வீட்டார் பதில் சொல்லாமல் நழுவினார்கள். ஒரு வீட்டில் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்கள்: "பையனுக்கு வயசு ஜாஸ்தி மாதிரி தெரியுதுங்க." அதன்பிறகு அவன் தொப்பி இல்லாமல் வெளியே போவதை விட்டுவிட்டான்.

போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் செழியன், விழுந்த கையில் ரப்பர் பந்தைக் கொடுப்பார். அப்பா அதை நல்ல கையால் எடுத்து வாசலுக்கு வீசுவார். பொறுமைசாலி மனிதர் செழியன். ஒரு நாள் கேட்டார்: "ஐயா தினமும் ஆசையா செய்யற வேலை எதுனா இருந்துச்சாம்மா?"

இருந்தது. டியூட்டிக்குக் கிளம்பும் முன் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் நின்று பிரசாத் நெற்றியில் விபூதி இடுவார். அவன் டவுசர் போட்ட காலத்திலிருந்தே இந்த வழக்கம் உண்டு. எனக்கு ஒரு நாளும் இட்டதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

"அப்ப அதையே செய்யட்டும். மொதல்ல இடது கையால வெக்கச் சொல்லுங்க" என்றார் செழியன்.

அப்பா முறைத்த முறைப்பில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். அம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பீச்சாங்கையால விபூதியா? செத்தாலும் வெக்க மாட்டாரு."

அப்படித்தான் வலது கை வேலைக்கு வந்தது. தினமும் விடியற்காலையில் பிரசாத் அவரை இடுப்போடு அணைத்து, கோயில்வரை இழுத்து இழுத்து நடத்திப் போவான். அங்கே அப்பா கையை உயர்த்துவார். முதலில் தம்பியின் தொப்புள்வரைதான் வந்தது. சட்டையெல்லாம் விபூதியோடு வீடு திரும்புவான். பிறகு மார்பு, தாடை, மூக்கு. "குனியாதீங்க சார், அவருதான் எட்டணும்" என்று செழியன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நெற்றியைத் தொட்ட அன்று அம்மா கேசரி கிளறினாள்.

அந்தச் சமயத்தில்தான் பிரசாத் சென்னைக்குப் போய்த் தலையில் முடி நட்டுக்கொண்டு வந்தான். பின்மண்டையிலிருந்து வேரோடு பிடுங்கி, நாற்று நடுவதுபோல முன்னால் நடுவது. எங்களிடம் சொன்னவன் அப்பாவிடம் மட்டும், "தலையில கட்டிப்பா, சின்ன ஆபரேஷன்" என்று புளுகினான். அப்பாவின் மண்டையைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லையாம்.

திரும்பி வந்தபோது நெற்றி வீங்கி, கண் இடுங்கி, ஆளே மாறியிருந்தான். முன்தலை முழுக்க ரத்தப்பொட்டுகள். ஒரு மாதத்துக்குக் குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது. முக்கியமாக, நட்ட இடத்தில் யார் கையும் படக் கூடாது.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. பிள்ளை வந்துவிட்டான் என்றதும் விபூதி டப்பாவைக் காட்டி அம்மாவைத் திறக்கச் சொன்னார். விரல்களைத் தோய்த்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, உதட்டைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினார். செருப்பைக் கழற்றக் குந்தியிருந்தவன் நெற்றியருகே கை வந்ததும்தான் பார்த்தான்.

"தொடாத! தொடாத!"

துள்ளிப் பின்னால் விழுந்தான். அப்பாவை அவன் அப்படி ஒருமையில் பேசி நான் கேட்டதே இல்லை. விபூதி அவர் வேட்டியில் கொட்டியது. கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மடியில் விழுந்தது. பிரசாத் என்னென்னவோ சமாதானம் சொன்னான். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அதோடு சரி. அவனால் அவரைத் தூக்கி நடத்த முடியாது. அம்மாவுக்கு மூட்டுவலி. நான் போய்த் தூக்கினால் அப்பா காலை ஊன்றவே மறுத்தார். விபூதி டப்பாவை நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டார். செழியன் பிரசாத்திடம் கெஞ்சினார்: "கையி மறந்துடும் சார். கட்டி இல்லன்னு சொல்லிடுங்க, புரிஞ்சிக்குவாரு." தம்பி, "தலை ஆறட்டும், சொல்றேன்" என்றான். எனக்கு அவனை அறையலாம்போல இருந்தது. ஆனால் கழுத்துக்குத் தலையணை கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்கும் அவனைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

மாதம் முடிவதற்குள் நட்ட முடி கொட்ட ஆரம்பித்தது. இது கொட்டித்தான் மறுபடி முளைக்குமாம், டாக்டர் முன்பே சொன்னாராம். காலையில் தலையணையைத் தட்டும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி நடக்கலாம், எடை தூக்கலாம் என்று டாக்டர் போனில் சொன்ன மறுநாள், விடிவதற்குள் புது ஷூ போட்டுக்கொண்டு அப்பா முன்னால் வந்து நின்றான். தொப்பி இல்லை.

"வாங்கப்பா, கோயில் வரிக்கும் போலாம்."

அணைத்துத் தூக்கினான். அப்பாவின் முழங்கால் மடங்கிக்கொண்டே போனது. வாசல் கேட்டைக்கூடத் தாண்ட முடியவில்லை. திரும்பவும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவர் காலடியில் மண்டியிட்டான்.

"கட்டியெல்லாம் இல்லப்பா. முடி வெச்சிக்கினேன். பொய் சொல்லிட்டேன். நீங்க தொட்டா கொட்டிடும்னு பயந்துதான்... பாருங்க, தொடாமயே கொட்டிடுச்சு."

தலையைக் குனிந்து அவர் மடிக்கு நேராக நீட்டினான்.

"குனியாதடா, அவருதான் எட்டணும்" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அம்மா டப்பாவைத் திறந்து பிடித்தாள். அப்பாவின் வலது தோள் ஒரு முறை துடித்தது. கை எழவில்லை. இறுக மூடிக்கிடந்த விரல்களை அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். விட்டதும் அவை மறுபடி மூடிக்கொண்டன.

அப்பா அந்த வெறும் தலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையை டப்பாவில் விட்டு, விபூதியை எடுத்து, அவன் நெற்றியில் இட்டார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.