சுண்டும் விரல்

அந்த மதியம் அறையில் இருந்தவர்கள்: எடைத் தராசோடு வந்திருந்த நர்ஸ், தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்த மனைவி, கொதிகலன் அறையில் காலை ஷிப்ட் பார்க்கும், வழுக்கை என்று கூப்பிடப்படும் கூட்டாளி, தராசில் கிடத்தப்பட்டிருந்த குழந்தை, நிற்கத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்திருந்த அதன் அப்பன்.

அப்பனுக்கு வேலையிடத்தில் ஆந்தை என்று பெயர். படிப்பைப் பாதியில் விட்டவன். தூங்காமல் இருப்பதைத் தவிர வேறெதையும் உருப்படியாகக் கற்றுக்கொண்டதில்லை. கொதிகலனின் பிரஷர் முள்ளை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது போதும்.

குழந்தை மாதம் நிறையாமல் பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது ஒருமுறை மூச்சை நிறுத்திவிட்டது. அங்கே இருந்த வேறொரு நர்ஸ் ஓடி வந்து உள்ளங்காலை விரலால் சுண்டினாள். குழந்தை வீறிட்டது, மூச்சு வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஆந்தை அதைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இனி பயமில்லை என்றார். இவன் தலையாட்டிவிட்டு லீவு போட்டான். லீவும் தீர்ந்துவிட்டது. இன்று இரவு வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் வழுக்கையிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"வரலன்னு சொல்லிடு," என்றான் ஆந்தை.

"எனக்கென்ன, சொல்லிடறேன். அப்புறம் பிள்ளைக்கு என்னத்த ஊத்துவ, காத்தையா?"

நர்ஸ் தராசிலிருந்து நிமிர்ந்தாள். "எடை ஏறவே இல்லையேம்மா. பால் குடிக்கிறாளா?"

"நல்லாக் குடிக்கிறா சிஸ்டர். தூங்கத்தான் மாட்டேங்கறா. கண்ணை மூடினதும் திடுக்குன்னு முழிச்சுக்கறா. அப்பன் புத்தி."

"தூக்கத்துலதான் பிள்ளை வளரும்." நர்ஸ் குழந்தையின் காலைத் திருப்பினாள். "உள்ளங்கால் ஏன் இப்படிச் சிவந்து கெடக்கு?"

ஆந்தை ஜன்னலைப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள்.

"என்னங்க. பிள்ளை காலை என்ன பண்றீங்க?"

"லேசா சுண்டுவேன். மூச்சு இருக்கான்னு சந்தேகம் வந்தா."

"எப்ப சந்தேகம் வரும்?"

"அவ தூங்கும்போது."

வழுக்கை சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரு தடவையாவது நின்னுருந்துச்சா?" என்றாள் மனைவி.

"நிக்கல. நான்தான் சுண்டிடறேனே."

அந்த வாதத்தில் யாராலும் ஓட்டை போட முடியவில்லை. நர்ஸ்தான் பொறுமையாகப் பேசினாள். "தம்பி, சின்னப் பிள்ளைங்களுக்கு மூச்சு சீரா வராது. கொஞ்சம் நிக்கும், அப்புறம் படபடன்னு எடுக்கும். உதடு நீலம் பூத்தாலோ, உடம்பு துவண்டாலோ தூக்கிட்டு ஓடி வாங்க. மத்தபடி தூங்கற பிள்ளையைத் தூங்க விடுங்க."

"டேய்," என்றான் வழுக்கை. "காலையில எனக்கு எப்படி ஷிப்ட் ஒப்படைப்ப? பிரஷர் இவ்வளவு, தண்ணி இவ்வளவு, இந்த வால்வு ஒழுகுதுன்னு சொல்லிட்டுக் கெளம்பிடுவல்ல. பின்னாடியே நின்னு என் கையைப் பிடிச்சா வால்வத் திருப்புற?"

"நீ பாத்துக்குவ."

"என்னையே நம்பற பாரு. நான் நின்னுக்கிட்டே தூங்கறவன்."

மனைவி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "சபையில இவளைக் கையில ஏந்தி, ஆண்டவரே உங்ககிட்ட ஒப்புக்கொடுக்கறோம்னு சொன்னீங்க. மைக்ல வேற. வீட்டுக்கு வந்ததும் அவர் கையிலேருந்து பிடுங்கிட்டீங்க."

"பிடுங்கல. கூட நின்னு பாத்துக்கறேன். பலம் கொடுங்கன்னு தினமும் அவர்கிட்டதானே கேக்கறேன்."

"ஆமா. பலத்தை வாங்கி வச்சுக்கிட்டு அவரைப் போகச் சொல்லிடறீங்க."

அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். "அவர் எடுத்துக்கிட்டார்னா?"

வழுக்கை செருப்பைப் பார்த்துக்கொண்டான். நர்ஸ் தராசைத் துடைத்தாள்.

"எடுத்தா அழுவேன்," என்றாள் மனைவி. "அவர்கிட்டயே போய்ச் சண்டை போடுவேன். வேற யார்கிட்டப் போவேன்? ஆனா இவ மூச்சு உங்க விரல்ல இல்லங்க. அது உங்களுக்கே தெரியும்."

தெரியும். தெரிந்ததால்தான் தூங்காமல் இருந்தான்.

குழந்தை அவள் தோளிலேயே தூங்கிப்போயிருந்தது. மெத்தையில் மல்லாத்திப் போட்டாள். ஆந்தை முழங்காலில் நகர்ந்து அருகே போனான். சின்ன வயிறு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. பிறகு ஏறவில்லை.

அவன் வலது கை தானாக நீண்டது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்து, இரண்டையும் தொடைகளுக்கு நடுவே நெருக்கி வைத்துக்கொண்டான். பலம் கேட்கவில்லை. கேட்டு வாங்கியதெல்லாம் இந்த விரலுக்குத்தான் போயிருந்தது.

"ஆண்டவரே," என்றான், வழுக்கையிடம் பேசும் அதே குரலில். "பால் குடிச்சாச்சு. எடை ஏறல. உள்ளங்கால் சிவந்திருக்கு, அது நான் பண்ணினது. வேற ஒண்ணும் இல்ல. பாத்துக்கங்க. நான் போறேன்."

வயிறு ஏறியது. தொடர்ந்து படபடவென்று இரண்டு மூன்று மூச்சு. உதடு சிவப்பாகவே இருந்தது. குழந்தை தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டியது, அவ்வளவுதான். அவனுக்குத்தான் உடம்பெல்லாம் வியர்த்திருந்தது.

"ராத்திரி வரேன்னு சொல்லு," என்றான் வழுக்கையிடம்.

"இந்த மூஞ்சியோடயா? கொதிகலனே உன்னப் பாத்து பயந்துடும். போய்ப் படுடா."

மனைவி அவனை முழங்கையைப் பிடித்து எழுப்பி, உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வாசலில் நின்று திரும்பினான்.

"ஒரே ஒரு தடவை பாத்துட்டு..."

"படுங்க."

"நேரம் ஆச்சுன்னா?"

"எழுப்பறேன். காலைச் சுண்டி."

அவன் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பு என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வையேன். சத்தம் கேக்கட்டும்."

"உங்களை எனக்குத் தெரியாதா," என்று அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள்.