இறக்கி வைக்கக் கூடாத பை

மகனின் தூளியைப் பிரிக்க உட்கார்ந்தபோது நெரெய்தாவுக்கு அழுகை வரவில்லை. அதுதான் மகள் யுலெய்சிக்குப் பயமாக இருந்தது. கட்டில் இல்லாத வீடு. எல்லாருக்கும் ஆளுக்கொரு தூளிதான் படுக்கை. இது செத்துப்போன அண்ணனுடையது. ஆறு வருஷமாக அதில் யாரும் ஏறிப் படுத்ததில்லை, கொக்கியிலிருந்து கழற்றியதும் இல்லை. இப்போது அம்மா அதைத் தரையில் போட்டு, ஓரத்து முடிச்சை அவிழ்த்து, நூலை உருவி உருவிப் பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கிற தூளியைப் போய்... உனக்கென்ன பைத்தியமாம்மா?"

"கடையில நூல் இருக்கா? இருந்தாலும் நமக்குச் சும்மா குடுப்பானா? வாயை மூடிக்கிட்டு அந்த முனையைப் பிடி."

மரக்கைபோ நகரில் அந்த வருஷம் எதுதான் இருந்தது, நூல் இருக்க? கரண்டு வந்தால் தண்ணீர் வராது, தண்ணீர் வந்தால் மாவு கிடைக்காது. பிழைக்க வழியற்றுப் போனவர்கள் கல்லறைகளை உடைக்க ஆரம்பித்திருந்தார்கள். முதலில் சவப்பெட்டியின் பித்தளைப் பிடிக்காக உடைத்தார்கள். பிடியெல்லாம் தீர்ந்ததும் எலும்புக்கே ஆள் வந்தது. சூனியம் வைக்கிறவர்கள் வாங்குகிறார்களாம், நாசமாய்ப் போகிறவர்கள். மகனுக்குப் பக்கத்துக் கல்லறை போன வாரம் வாயைப் பிளந்து கிடந்தது. காவல்காரனிடம் போய்க் கத்தினாள். அவன் கையை விரித்துவிட்டான்.

எப்படியும் மகனைக் கொண்டுபோக வேண்டியவள்தான் அவள். அவர்களுடைய வயூ பழங்குடி ஜனத்தில் பிள்ளை அம்மாவின் குலம். முதலில் எங்கே புதைத்தாலும், சதை கரைந்தபின் எலும்பை எடுத்து அம்மாவழி மண்ணில் சேர்த்தால்தான் அவனுக்குப் பயணம் முடியும். நாலு ஆடு வாங்கி, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டு, ராஜா மாதிரி கொண்டுபோகலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். நல்ல காலம் பார்த்துக் காத்திருந்த லட்சணம் இது. இப்போது திருடன் முந்துவானா, அவள் முந்துவாளா என்றாகிவிட்டது.

அம்மாவழி மண் நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம். பெரிய சாலையை மூடிவிட்டார்கள். முள்காட்டுப் பாதையில்தான் போக வேண்டும்; அங்கே அடிக்கொரு கூட்டம் குறுக்கே கயிறு கட்டி வைத்துக்கொண்டு, எதையாவது பிடுங்காமல் கயிற்றைத் தாழ்த்தாது. பெட்டி கொண்டுபோனால் திறப்பார்கள். எலும்பு என்று தெரிந்தால் அதையே பிடித்து வைத்துக்கொண்டு ஆடு கேட்கிற புண்ணியவான்களும் உண்டு. பின்னல் பை போடாத வயூ பெண் கிடையாது, அதை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆகவே பைதான். அதுவும் முதுகில் இரண்டு தோளிலும் மாட்டுகிற பை. ஏனென்றால் கல்லறையிலிருந்து எடுத்த எலும்பு சொந்த மண் சேரும்வரை வழியில் எங்கேயும் தரையைத் தொடக்கூடாது. தொட்டால் இதுதான் ஊர் போலிருக்கிறது என்று அவன் அங்கேயே இறங்கிவிடுவான். அப்புறம் அந்த முள்காட்டில் யாரைக் கேட்டுப் போவான் அவன்?

சைக்கிள் கம்பியைத் தேய்த்து முனையை வளைத்துக் கொக்கி ஊசி செய்துகொண்டாள். மூன்று இழையை ஒன்றாக்கி அடிவட்டத்தைப் பின்ன ஆரம்பித்தாள். ஊசி நுழைய மறுக்கிற அளவுக்கு இறுக்கம். ஒவ்வொரு பின்னல் கண்ணுக்கும் பல்லைக் கடித்துத் தள்ள வேண்டியிருந்தது. ஆள்காட்டி விரல் கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு பின்னினாள்.

"ஒரே நிறமாப் பின்னும்மா. அழுக்கு வெள்ளையாவே இருக்கட்டும். அழகா இருந்துச்சுன்னா கண்ணு படும்" என்றாள் யுலெய்சி.

"சரிடி, சரி."

சரி என்றவள் மறுநாள் தூளியின் குஞ்சத்திலிருந்து சிவப்பு நூலை உருவிக்கொண்டிருந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற ஜென்மமா அது? ஆட்டுக்கும் மாட்டுக்கும் சுடுகிற குலச்சின்னம், வளைந்த இரண்டு கொம்பு மாதிரி, பையைச் சுற்றிலும் சிவப்பில் எழும்பி வந்தது.

"அம்மா! என்ன சொன்னேன் உனக்கு?"

"அடையாளம் இல்லாமப் போய் நின்னா அங்க இருக்கிறவங்க யாருடா நீன்னு கேக்கமாட்டாங்களா? அவன் பதில் சொல்லத் தெரியாம முழிப்பான்டி. உனக்குத்தான் தெரியுமே, அவனுக்கு நாலு பேர் முன்னால பேச வராது." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் வந்து சிவப்பு நூலின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

வாருக்கு இரண்டு பேர் வேண்டும். யுலெய்சி நூல் முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டாள். அம்மா எதிரே உட்கார்ந்து முறுக்கினாள். பை முடிந்ததும் செங்கல்லைப் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டு, "ஏறித் தொங்கு" என்றாள். யுலெய்சி தொங்கினாள். உத்தரம் கிறீச்சிட்டது, பை அசையவில்லை. ஒவ்வொரு கண்ணாகத் தடவிப் பார்த்து, ஒரு இழைகூட நகரவில்லை என்று தெரிந்தபின்தான் அன்றைக்கு அந்த அம்மாள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

விடியற்காலையில் கல்லறையைத் திறந்தார்கள். எலும்பை எடுக்க வேண்டியது பெண்தான். அதை நெரெய்தாவே செய்தாள், ஒவ்வொன்றாகத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி. தொடை எலும்பை எடுத்தபோது மட்டும், "எவ்வளவு உயரமா வளர்ந்துட்டான் பாரு" என்றாள், நேற்றுத்தான் பார்த்தவள் மாதிரி. மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்பாதபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. செத்தவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது. அதனால் அந்தப் பெயரை அவள் ஆறு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

எலும்பைத் தொட்ட கை சோற்றைத் தொடக்கூடாது. காரியம் முடியும்வரை கண்ணை மூடித் தூங்கவும் கூடாது. கையில் துணி சுற்றிக்கொண்டு லாரியில் ஏறினாள். யுலெய்சி சோள அடையைப் பிட்டு அம்மாவுக்கு ஊட்டினாள். எதிரே கோழிக்கூண்டோடு உட்கார்ந்திருந்த குண்டு அம்மாள் உற்று உற்றுப் பார்த்தாள்.

"கையில புண்ணு" என்றாள் யுலெய்சி.

"பாவம்" என்றாள் அந்த அம்மாள். லாரி முழுக்க இடம் இருந்தும் நெரெய்தா முதுகுப் பையோடு நின்றுகொண்டே வந்தாள்.

முதல் கயிறுகளை எப்படியோ தாண்டினார்கள். உப்பளத்துப் பக்கத்துக் கயிற்றில் நின்றவன் ஆல்சிதெஸ் என்ற வாலிபன். பேச்செல்லாம் வயூ பேச்சு, இடுப்பில் வெட்டுக்கத்தி, காலில் புதுச் செருப்பு. எல்லாரையும் இறக்கினான்.

"மூட்டையெல்லாம் கீழ வைங்க. ஏம்மா, உனக்குத் தனியா சொல்லணுமா? பையைக் கீழ வை."

"வைக்கமாட்டேன்."

"அப்படி என்ன இருக்கு அதுல?"

நெரெய்தா வாரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். யுலெய்சிக்குப் பயத்தில் பொய் ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையே வெளியே விழுந்துவிட்டது. "என் அண்ணன்" என்றாள்.

லாரிக்கூட்டம் மொத்தமும் சிரித்தது. "எங்கூட்டு ஆளையும் இப்படி ஒரு பையில கட்டிக் குடுடி, குடிச்சே அழியறான்" என்றாள் கோழிக்கார அம்மாள். ஆல்சிதெஸும் சிரித்தான். ஆனால் அவன் கண் சிவப்புக் கோலத்தை விட்டு நகரவில்லை.

"அண்ணனை நீங்களே வச்சுக்குங்க. பை எனக்கு. ரியோஹாச்சா டவுன்ல டூரிஸ்ட்டு எவனாவது கொத்திக்கிட்டுப் போவான். இந்தா, மாவுச்சாக்கு. இதுல கொட்டிக்க."

"அய்யா ராசா, என் காதுல கிடக்கிறதைக் கழட்டிக்க. போட்டிருக்கிற துணியைக்கூட எடுத்துக்க. இதை மட்டும் விட்டுடு. உன் காலில விழறேன்."

விழவும் முடியவில்லை, குனிந்தால் பை சரிந்துவிடும். நின்றபடியே கெஞ்சினாள். அவன் வாரைப் பிடித்து இழுத்தான். அவள் பின்னால் சாய்ந்தாள். மறுபடி இழுத்தான், இந்த முறை முழுப் பலத்தோடு. அவள் முழங்கால் மடங்கியது, பை தரைக்கு ஒரு சாண் உயரம் வரை போயிற்று. "அண்ணா!" என்று அலறிக்கொண்டு யுலெய்சி அடியில் பாய்ந்து பையைத் தன் வயிற்றில் தாங்கிக்கொண்டாள். அத்தனை இழுப்புக்கும் வார் அறுந்துபோகவில்லை.

"அப்படி என்னதான் தங்கம் வச்சிருக்கீங்க?" என்று அவன் சுருக்குக் கயிற்றைத் தளர்த்திக் கையை உள்ளே விட்டான்.

துணி விலகியிருக்க வேண்டும். கை போன வேகத்தில் வெளியே வரவில்லை, மெல்ல வந்தது. அவன் முகம் சாம்பலாகிவிட்டது. அப்போதுதான் அந்தச் சிவப்பு அழகுக்குப் போட்ட கோலம் இல்லை, செத்தவனின் குலச்சின்னம் என்று அவன் சரியாகப் பார்த்தான்.

"சண்டாளிகளா, பொணத்தையா என் வண்டியில ஏத்தினீங்க?" என்று டிரைவர் கத்தினான். அவர்களுடைய சோற்றுப்பையைத் தூக்கி அவர்கள் காலடியில் எறிந்தான். கோழிக்கார அம்மாள் முந்தி ஏறினாள், மற்றவர்களும் ஏறினார்கள். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

ஆல்சிதெஸ் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றான். "அம்மா, தெரியாமப் பண்ணிட்டேன். கழுவி விட்டுடும்மா."

"இங்க கழுவ முடியாது. அவன் போய்ச் சேர்ற இடத்துலதான் என் கையையும் கழுவுவாங்க, உன் கையையும் கழுவுவாங்க. அதுவரைக்கும் சோத்தைத் தொடாதே. கண்ணை மூடாதே, மூடினா கனவுல வந்து உக்காந்துக்குவான். என் புள்ள நல்லவன்தான். ஆனா பையைப் பிடிச்சு இழுத்தவனை என்ன பண்ணுவான்னு எனக்கே தெரியாது."

இவ்வளவு பேசியபின்தான் நெரெய்தா சுற்றிலும் பார்த்தாள். வண்டி இல்லை, தண்ணீர் அரைக் குப்பி, கண்ணுக்கெட்டியவரை முள்ளும் மணலும். அண்ணாந்து பார்த்து, "எங்களைக் கொன்னுடேன், அதுக்கு" என்று யாரையோ திட்டினாள். பிறகு வாரைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்தாள். ஆல்சிதெஸ் ஓடிவந்து முன்னால் நடந்தான். அடுத்த கயிற்றுக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் தூக்கிப் பிடித்த கையையும் பின்னால் வந்த பையையும் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கயிறு மண்ணில் விழுந்தது. அதற்கடுத்ததும் அப்படியே விழுந்தது.

"நான் கொஞ்சம் தூக்கட்டுமாம்மா?" என்றான் ஒருமுறை.

"செருப்பு பிஞ்சிடும்."

பொழுது சாயும் நேரம் ஒரு முள்மரத்தடியில் நின்றார்கள். நெரெய்தா உட்காரவில்லை; மரத்தில் முதுகைக் கொடுத்தால் அவனுக்குக் குத்துமே என்று சாயவும் இல்லை. யுலெய்சி மிச்சமிருந்த அடையைப் பிட்டு அம்மா வாயில் வைத்தாள். ஆல்சிதெஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எச்சில் விழுங்கினான்.

"அவனுக்கும் ஊட்டுடி."

"இவனுக்கா? என் கையாலயா? போம்மா!"

"பட்டினியில மயங்கி விழுந்தான்னா தூங்கிடுவான். ஊட்டு."

யுலெய்சி அவன் முன்னால் போய் நின்றாள். "வாயைத் திறடா, திருட்டு நாயே." அவன் குழந்தை மாதிரி வாயைத் திறந்தான். பெரிய துண்டாகத்தான் திணித்தாள். அவன் மென்றான், கண்ணில் தண்ணீர் வந்தது. காரமே இல்லாத அடை அது.

தூங்கக்கூடாதவர்களுக்கு நடப்பதில் ஒரு சௌகரியம். நடந்தே விடிந்தது. வெயில் ஏறும் வேளையில் வெள்ளையடித்த கல்லறைகள் தெரிந்தன. சொல்லியனுப்பியிருந்தபடி நெரெய்தாவின் தம்பி தமியான் கல்லறை மாடத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். குலத்துப் பெண்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். கை கழுவப் பெரிய சட்டியில் தண்ணீர் தயாராக இருந்தது. திருடன் முந்தவில்லை, அவள்தான் முந்தியிருந்தாள்.

"வந்துட்டேக்கா. இனிமே ஒண்ணும் இல்ல, இறக்கு" என்றான் தமியான்.

நெரெய்தா நின்றாள்.

"இறக்குக்கா. இது நம்ம மண்ணுதான்."

"இருடா. கொஞ்ச நேரம் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்."

கொஞ்ச நேரம் என்பது போய்க்கொண்டே இருந்தது. ஒப்பாரி தேய்ந்து நின்றது. ஆல்சிதெஸ் சட்டிக்குப் பக்கத்தில் கையைத் தூக்கியபடி நின்றான். வழியெல்லாம் இறக்காதே இறக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு இப்போது தோளிலிருந்து வாரைத் தள்ளிவிடக் கை எழவில்லை. ஒரு இழை விட்டிருந்தால்கூடப் பை தானாக நழுவியிருக்கும், அவள் இறக்கியதாக ஆகியிருக்காது. பாவி மனுஷி, ஒரு இழையாவது விடுகிற மாதிரியா பின்னி வைத்திருந்தாள்?

"யுலெய்சி" என்று கூப்பிட்டாள். "என்னால முடியலடி. நீ வந்து எடு."

யுலெய்சி வந்து பின்னால் நின்றாள். ஒரு கையைப் பைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு, மறு கையால் அம்மாவின் தோளில் பதிந்து கிடந்த வாரை விலக்கினாள்.