கை காட்டினால் நிற்கும் கார்

எங்கள் வீட்டுக்காரர் ஜெய்னுலாபுதீனிடம் இரண்டு கோளாறுகள். (புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பார்கள். இந்தக் கதையில் சொல்லாமல் முடியாது.) ஒன்று, சாலையில் யார் கை காட்டினாலும் காரை நிறுத்திவிடுவார். கூடைக்காரி, குடிகாரன், ஆட்டுக்குட்டியோடு நிற்பவன், யாராக இருந்தாலும் ஏற்றிக்கொள்வார். இன்னொன்று, பட்டுக்கோட்டையிலிருந்து பாபநாசத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரத்தநாட்டில் திரும்பி, சாலியமங்கலம் வழியாக நேரே போகமாட்டார். தஞ்சாவூரைச் சுற்றிக்கொண்டுதான் போவார். "ரோடு நல்லா இருக்கும்" என்பார். எங்கள் மகள் கமருன்னிஸா அதற்கு 'அத்தா ரோடு' என்றே பேர் வைத்திருந்தாள். நாங்கள் சிரிப்போம், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

சவுதியில் இருபத்திரண்டு வருஷம் டிரைவராக இருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் போதும் என்று கம்பெனி அனுப்பிவைத்த பிறகுதான் எனக்குப் புருஷன் என்று ஒருவர் வீட்டில் கிடைத்தார். அதுவரைக்கும் எனக்கு வாய்த்தது அவர் குரல் பதிந்த கேசட்டுகள். இருமல்கூட அதில் பதிந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். வந்தவர் தலைகாணியில் குழி விழுவதற்குள் கிளம்பிவிடுவார்.

திரும்பி வந்த முதல் வருஷத்தைப் பற்றிச் சொன்னால் பொறாமைப்படுவீர்கள். கொல்லையில் நாலு மல்லிகை, இரண்டு முருங்கை, ஒரு பாத்தி கத்தரி போட்டார். காலையில் எழுந்ததும் பூத்தாச்சா என்று போய்ப் பார்ப்பார். எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பார்; உரித்ததைவிடக் கண்ணைத் துடைத்துக்கொண்டதுதான் அதிகம். சில மாதம் கழித்துப் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கினார். நாற்பத்தேழு வயதில் நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா ஜன்னல் வழியே பார்த்தாள். அவள் பார்க்கட்டும் என்றுதான் கதவை இரண்டு தரம் திறந்து மூடினேன்.

அன்றைக்குப் பாபநாசத்துக்குக் கிளம்பினோம். வட்டிலப்பம் அவித்து எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்திருந்ததால் பேத்திக்கு நாற்பது பக்க நோட்டு ஆறும் ஒரு பேனாவும் வாங்கிப் பையில் வைத்திருந்தேன். ஒரத்தநாடு தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. குறுவைக்குத் தண்ணீர் கேட்டு விவசாயிகள் தஞ்சாவூர் ரோட்டில் மறியல் செய்கிறார்கள் என்று போலீஸ்காரர் சொன்னார்.

"சாலியமங்கலம் வழியாப் போங்க. இது சாயங்காலம் வரைக்கும் ஆகும்" என்றார்.

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். "வீட்டுக்குத் திரும்பிடலாமா, ரஹ்மத்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கே! தேங்காய்ப் பால் ஊத்தி அவிச்சிருக்கேன், நாளைக்கு வரைக்கும் தாங்குமா? திருப்புங்க வண்டிய" என்றேன்.

திருப்பினார். சாலியமங்கலம் தாண்டி ஐந்தாறு மைலில் நெடுவாய்க்கால் என்று ஓர் ஊர். வாய்க்கால் பாலத்தை ஒட்டி ரோடு வளைகிறது. வளைவில் ஒரு பூவரச மரமும், அதன் அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல்லும் இருந்தன. எதிரே வந்த பஸ் டிரைவர் அந்தக் கல்லைப் பார்த்து ஹாரன் அடித்துக் காசு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். மரத்தடியில் எலுமிச்சம்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து எங்களைப் பார்த்துக் கை காட்டினாள். கேட்கவேண்டுமா, இவர் நிறுத்திவிட்டார்.

"புது வண்டியா பாய்? பழம் வச்சு ஏத்திட்டுப் போங்க. ஒரு கண்ணேறும் அண்டாது" என்றாள்.

"நமக்கு எதுக்கு அதெல்லாம்" என்றார் இவர். நான்தான் விடவில்லை. ஹபீபுன்னிசா பார்த்த பார்வைக்கு ஏதாவது செய்தாகவேண்டும் என்று எனக்குள் இருந்தது. இறங்கி நாலு பழம் கேட்டேன்.

"இது எந்த சாமிம்மா?" என்றேன்.

"சாமியா? அது எம் புருசந்தாம்மா" என்று அவள் சிரித்தாள். "வீரையன். நான் அம்சம். இந்த எடத்துலதான் லாரி அடிச்சுச் செத்தாரு. நான் ஒரு கல்ல நட்டு வெளக்கு வச்சேன். போற வர்ற டிரைவருங்க கும்புட்டுக் கும்புட்டு சாமியாக்கிட்டாங்க. நானும் வேணாங்கல. வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல."

பழங்களைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். முப்பது வருஷத்துக்கு முன்னே, புது ஆட்சி வந்த வருஷம், குறுவை அறுவடை. கூலி நெல் அரை மரக்கால் கூட்டிக் கேட்டு இந்த ஊர் ஆட்கள் அறுப்பில் இறங்கவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றி விடியற்காலையில் கொண்டுவர ஏற்பாடு செய்தார். வீரையன் முன்னதாகவே வந்து இந்த வளைவில் வண்டியை மறிக்க நின்றான். மற்றவர்கள் வந்துசேர்வதற்குள் லாரி அடித்துவிட்டுப் போய்விட்டது.

"கேசுல என்ன எழுதுனாங்க தெரியுமா? சாராயத்தக் குடிச்சிட்டு ரோட்டுல படுத்துக் கெடந்தான்னு. யாரு லாரின்னு மிராசுதாரு வாயே தொறக்கல, யாரும் பாக்கவும் இல்ல. அவரு ஒரு நாளு தொட்டதில்லம்மா. சங்கத்துக்காரங்க கூலிப் போராட்டத்துல செத்தவங்க பேரெல்லாம் எழுதி அந்தா ஒரு தூணு நட்டிருக்காங்க பாருங்க, அதுல இவரு பேரு மட்டும் இல்ல. குடிச்சிட்டு விழுந்தவன எப்புடி எழுதறதுன்னுட்டாங்க. எம் மவனப் பள்ளிக்கூடத்துல குடிகாரன் மவன்னேதான் கூப்புட்டாங்க."

"பாவமே" என்றேன்.

"அந்த லாரிக்காரன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். உசுரோட இருக்கானோ என்னமோ. ஒரு வார்த்த சொன்னான்னாப் போதும்."

நாலு டயருக்கும் கீழே நாலு பழத்தை வைத்தாள். கற்பூரம் ஏற்றி வண்டியைச் சுற்றிக் காட்டினாள். பிறகு கல்லின் பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டு, "ஏத்துங்க பாய்" என்றாள்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நகரவில்லை.

"ஏத்துங்க. நசுங்குனாத்தான் நல்லது" என்றாள் மறுபடியும்.

நான் ஜன்னலில் குனிந்து பார்த்தேன். அவருடைய கால் பிரேக்கை மிதித்தபடியே இருந்தது. சட்டை முழுவதும் வியர்வை. சர்க்கரை குறைந்துவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன். அவர் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். இறங்கி வந்து அம்சத்தின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"படுத்துக் கெடக்கலம்மா. நின்னாரு" என்றார்.

அம்சத்துக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"கையைத் தூக்கிக்கிட்டு நின்னாரு. தள்ளாடல, நேரா நின்னாரு. பலபலன்னு விடிஞ்சிருந்துச்சு, எனக்கு நல்லாத் தெரிஞ்சது. பட்டுக்கோட்டைத் தேங்கா மண்டி லாரி அது. நான்தான் ஓட்டிட்டு வந்தேன். பின்னால தார்ப்பாய்க்குள்ள நாப்பது ஆளு, தூங்கிட்டு வந்தாங்க. பக்கத்துல உக்காந்திருந்த மிராசுதார் ஆளு, நிறுத்தாதடா, நிறுத்துனா வண்டியோட கொளுத்திப்புடுவானுங்கன்னு கத்துனான். அவரு வெலகிடுவாருன்னு நெனச்சேன். அவரு வெலகல."

வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஓடியிருந்தால் அந்தச் சத்தமாவது இருந்திருக்கும். அம்சம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கையத் தூக்குனாரு?" என்று கேட்டாள்.

"இடது கை. வலது கையில துணிக்கட்டு போட்டிருந்தாரு."

அவள் அப்படியே மரத்தில் சாய்ந்தாள். "முத நாளு வெறகு வெட்டையில அருவா வெட்டிருச்சு. எஞ் சீலையக் கிழிச்சு நாந்தான் கட்டிவிட்டேன்" என்றாள். பிறகு இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு எதிர்ப்பக்கத்து டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கூட்டம் சேர்வதற்குள் இவரை இழுத்து வண்டியில் ஏற்றிப் போய்விடவேண்டும் என்றுதான் தோன்றியது. கையைக்கூடப் பிடித்துவிட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் ஆன புதிதில், லாரி ஓட்டுவதை ஏன் விட்டீங்க என்று கேட்டேன். தூக்கம் கெடுது என்றார். நானும் நம்பினேன்.

"எம் மவன் செத்து மூணு வருசம் ஆச்சு" என்றாள் அம்சம். மரியாதை போயிருந்தது. "குடிச்சுத்தான் செத்தான். எங்கப்பன் ரத்தம்தானே எனக்குன்னு சொல்லிச் சொல்லியே குடிச்சான். நான் இல்லடா இல்லடான்னு அடிச்சுக்கிட்டேன், அவன் நம்பல. பெத்தவ சொன்னா யாரு நம்புவா? அப்ப நீ எங்க இருந்தே?"

"சவுதியில" என்றார்.

அது பொய். மூன்று வருஷத்துக்கு முன்னே கமருன்னிஸாவின் இரண்டாவது பிரசவத்துக்காக நாலு மாத லீவில் வந்திருந்தார். அந்த நாலு மாதத்தில் ஆறு முறை பாபநாசம் போய்வந்தோம். ஆறு முறையும் வாடகைக் காரில் தஞ்சாவூரைச் சுற்றிக்கொண்டு போனோம். நான் சிரித்துக்கொண்டே போனேன். இதை நான் அம்சத்திடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

டீக்கடையில் இருந்து வந்த கிழவர் ஒருவர், "என்னம்மா, யாரு இவரு?" என்று கேட்டார்.

"அத இந்த ஆளே சொல்லட்டும். சொல்லு. எல்லாருக்கும் கேக்குறாப்புல சொல்லு."

சொன்னார். யாரும் கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தூணில் பேர் எழுதவேண்டாம் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவராம்.

"போலீஸ்ல வந்து சொல்லவும் நான் தயார்" என்றார் இவர்.

"அவங்கதானே படுத்துக் கெடந்தான்னு எழுதுனாங்க, அவங்ககிட்ட என்னத்துக்கு?" என்றாள் அம்சம். "வாயால சொன்னது காத்தோட போயிரும். எழுதிக் குடு. நாளைக்கே சங்கத்து ஆபீசுல கொண்டுபோயிப் போடுறேன்."

பையில் பேத்தியின் நோட்டு இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கார் பானெட்டின் மேல் நோட்டை வைத்து, நின்றுகொண்டே எழுதினார். ஒரு பக்கம் எழுதுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து நீட்டினார்.

அம்சம் அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கு எழுத்துத் தெரியாது" என்று என்னிடம் நீட்டினாள். "நீ படி."

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். அவர் கையெழுத்து எனக்குப் பழக்கம்தான், இருபத்திரண்டு வருஷம் கடிதத்தில் பார்த்த கையெழுத்து. எல்லாக் கடிதத்திலும் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவார். இதில் அது இல்லை.

"ஜெய்னுலாபுதீன் ஆகிய நான் எழுதிக் கொடுப்பது" என்று படித்தேன். புருஷன் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "நெடுவாய்க்கால் வளைவில் வீரையன் என்பவர் படுத்திருக்கவில்லை. குடித்துத் தள்ளாடவும் இல்லை. இடது கையை உயர்த்தி நேராக நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன். நான் வண்டியை நிறுத்தவில்லை."

அம்சம் குனிந்து, டயர்களுக்குக் கீழே இருந்த நாலு பழங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் துடைத்துக் கூடையில் போட்டாள். இவர் வண்டியின் அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தார். நான் போய் அவரைத் தேற்றவில்லை. கொல்லையில் மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றும் அந்த மனிதரை இனி நான் எந்தக் கண்ணால் பார்ப்பது என்று தெரியவில்லை.

"இன்னொரு தடவ படி" என்றாள் அம்சம், கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் கை வைத்துக்கொண்டு. "மெதுவாப் படி. அவருக்கும் கேக்கட்டும்."

படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"அதையும் படி" என்றாள்.

"நான் வண்டியை நிறுத்தவில்லை" என்று படித்தேன்.