சலோமே வீட்டு இரண்டாவது போர்வை

அந்தப் போர்வையால்தான் என் மானம் போயிற்று. பீப்பாய் செய்து பிழைக்கிறவன் நான். ஐம்பது வயதுவரை ஊர் வாயில் விழாத அல்ஃபோன்ஸ்.

எதிர் வீட்டு விதவை சலோமேயின் மகன் தீபோ பிரெஞ்சுக்காரனாகப் பிறந்தவன். ஜெர்மன்காரன் எங்கள் அல்சாஸைப் பிடித்ததும் பையன்களுக்குத் தன் பட்டாளச் சட்டையை மாட்டி ரஷ்யாவுக்கு அனுப்பினான். நாற்பத்து நாலாம் வருஷக் கோடையில் லீவில் வந்த தீபோ, இனிமேல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். தெரிந்தால் அவனுக்குத் துப்பாக்கிக் குண்டு, தாய்க்குச் சிறைமுகாம். அதனால் ஊரே பார்க்க ரயிலேற்றினோம். சலோமே அழுத அழுகையில் ஸ்டேஷன் மாஸ்டரே மூக்கைச் சிந்தினார். அடுத்த ஸ்டேஷனில் அவன் மறுபக்கமாக இறங்கினான். காலிப் பீப்பாயில் போட்டு வண்டியில் கொண்டுவந்து, அவள் நிலவறையில் இறக்கினேன். விசாரிக்க வந்தவர்களிடம், அவன் ரயிலேறியதைக் கண்ணால் பார்த்ததாக ஊரே சத்தியம் செய்தது.

இவ்வளவும் செய்துவிட்டு அந்த மகராசி என்ன செய்தாள்? எங்கள் ஊரில் காலையில் இறகுப் போர்வையை ஜன்னலில் காயப்போடாதவளை யாரும் மதிக்கமாட்டார்கள். தன் போர்வையோடு மகன் போர்வையையும் தினமும் தொங்கவிட்டாள். எனக்கும் உறைக்கவில்லை. ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியிலிருந்து வந்த போலீஸ்காரன் கெஸ்லருக்கு உறைத்தது.

நான் அவள் அடுப்படியில் பிளம் பணியாரம் தின்றுகொண்டிருந்தபோது நுழைந்தான்.

“தனியா இருக்கிற பொம்பளைக்கு எதுக்கும்மா ரெண்டு போர்வை?”

காலடியில் நிலவறை. நான் இன்னொரு பணியாரத்தை வாயில் திணித்தேன். சலோமே கண்கூட இமைக்கவில்லை.

“அதோ உக்காந்து தின்னுட்டிருக்கே, அதுக்குத்தான் ஐயா.”

கெஸ்லர் என்னையே பார்த்தான்.

“எனக்குக் குளிர் ஒத்துக்காதுங்க” என்றேன். செப்டம்பர் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அவன் அரைமனதோடு போனான். ஆனால் தினமும் காலையில் எட்டிப்பார்த்தான். வேறு வழி? அவள் வீட்டிலேயே முகம் மழித்தேன், அடுப்போரப் பெஞ்சில் என் பழைய கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். கெட்ட பெயர் எனக்கு, போர்வை தீபோவுக்கு. போதகர் மூன்று ஞாயிறு என் முகத்தைப் பார்த்தே ஒழுக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நிலவறைப் பீப்பாய்க்குள்ளிருந்து அந்தத் தடியன் தீபோ, “அப்பான்னு கூப்பிடட்டுமா?” என்று கேட்டான். சுத்தியலால் பீப்பாயில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

நவம்பர் கடைசியில் பிரெஞ்சு டாங்கிகள் வந்தன. தீபோ தெருவில் நடந்தான். ஊருக்கு உண்மை தெரிந்தது, போதகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மானம் திரும்பிவிட்டது. சவரக்கத்தியையும் பூட்ஸையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இல்லை. அன்று முழுக்க ஒரு பீப்பாய்கூட ஒழுங்காக வரவில்லை.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தேன். எதிரே சலோமே ஜன்னலில் அவள் போர்வை, மகன் போர்வை, பக்கத்தில் மூன்றாவதாக ஒரு புதுப் போர்வை.

“என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற?” என்றாள். “காபி ஆறுது.”

கீழே தெருவில் போதகர் நின்று போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் பூட்ஸை மாட்டினேன்.