ஏதேனுக்குக் காவல் யார்?

ஏசுவடியான் உபதேசியார் வீட்டுத் திராட்சைக் கொடி காய்த்த செய்தி, அந்தக் கொடிக்கே தெரிவதற்கு முன்னால் எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஆரப்பாளையத்தில் எங்கள் கிணற்றடியில் நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தோட்டம் முழுக்கத் தெரியும். வேலை மெனக்கெட்டு யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் இறைக்கிறபோது கண் எங்கேயாவது போகத்தானே வேண்டும், அங்கே போகும்.

கொடியில் ஒரே ஒரு குலை. மிஷன் துரை கொடுத்த கன்று என்பதால் அதற்கு அந்த வீட்டில் புது மாப்பிள்ளை மரியாதை. உபதேசியார் மல் துணியில் ஒரு பை தைத்துக் குலைக்கு மாட்டி, வாயை நூலால் கட்டியிருந்தார். கட்டின மனைவி கிருபையம்மாள் கழுத்தில் இத்தனை வருஷத்தில் அவர் இம்புட்டு அக்கறையாக ஒன்றும் மாட்டியதில்லை என்று தெருவில் பேச்சு.

அந்தத் தோட்டத்துக்கும் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்துக்கும் காவல் சோணை. நாகமலைக்கு மேற்கே ஓர் ஊர்க்காரன், இளவட்டம். அவனும் அவன் பெண்டாட்டி இருளாயியும் தோட்டத்து மூலையில் ஓலைக் கொட்டகையில் குடியிருந்தார்கள். அது கைரேகைச் சட்டம் இருந்த காலம். சோணையின் ஊரில் மீசை முளைத்த ஆண்பிள்ளை எல்லோரும் போலீசில் விரல் பதிக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் ஸ்டேஷன் தாழ்வாரத்தில் போய்ப் படுக்க வேண்டும். திருடினவன் திருடாதவன் என்ற பேதம் கிடையாது. அங்கே பிறந்ததே போதும். சோணை ஒருத்தன் மட்டும் பெண்டாட்டி பக்கத்தில் படுத்துத் தூங்கினான் என்றால், அது உபதேசியார் ஜாமீன் நின்று வாங்கிக் கொடுத்த சீட்டின் புண்ணியம். அவன் காவலில் ஒரு களவுப் புகார் வந்தால் சீட்டைக் கிழித்துப் போடுவார்கள். அவன்தான் எடுத்தான் என்று ஆகிவிட்டால் ஜெயில். இருளாயிக்கோ மசக்கை. தலைப்பிள்ளை.

சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் அவர்கள் இரண்டு பேருக்கும் வேதம் சொல்லிக் கொடுப்பார். ஞானஸ்நானத்துக்குத் தயார் செய்கிறாராம். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்களும் சேர்ந்து தயாராகிக்கொண்டிருந்தோம்.

முதலில் ஜென்ம பாவம் வந்தது. மனுஷன் பிறக்கும்போதே பாவி என்று உபதேசியார் சொன்னதும் சோணை பலமாகத் தலையாட்டி, சர்க்காரும் அதைத்தான் சொல்கிறது என்றான். இது வேறு, அது வேறு என்றார் உபதேசியார். என்ன வேறு என்று கேட்பதற்குள் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஏதேன் தோட்டம். தேவன் தோட்டம் போட்டார், நடுவில் ஒரு மரம் வைத்தார், அதன் கனியை மட்டும் தொடாதே என்றார், பாம்பு வந்தது, பெண் தின்றாள், ஆணுக்கும் கொடுத்தாள் என்று உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். சோணைக்குக் கதையில் ஒரே இடம்தான் இடித்தது.

"அந்தத் தோட்டத்துக்குக் காவல் யாருங்கய்யா?"

காவல் எதற்கு, தேவன் எல்லாவற்றையும் பார்க்கிறவர் என்றார் இவர்.

"அப்ப அவரு பாத்துக்கிட்டு இருக்கயிலதேன் பாம்பு உள்ள வந்துச்சு."

அவன் ஊர்ப் பக்கம் காவலுக்கு ஒரு முறை உண்டு. காவல் ஏற்றவன் கண்ணில் படாமல் ஒரு ஆட்டுக்குட்டி களவு போனாலும், திருடனைப் பிடிக்கிறானோ இல்லையோ, காவல்காரன் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். திருடன் பாவம் திருடனோடு, ஈடு காவல்காரனோடு. அந்தக் கணக்கில், ஏதேனில் போன பழத்துக்குச் சாமிதான் ஈடு கட்ட வேண்டும் என்று சோணை பணிவாகத்தான் சொன்னான். உபதேசியாருக்கு மூக்கு சிவந்தது. அவசரமாகக் கதையை முடிக்கப் பார்த்து, பிறகு தேவன் வாசலில் எரிகிற வாளோடு தூதர்களைக் காவல் வைத்த கட்டத்துக்கு வந்தார். வாயில் புளியங்கொட்டையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த இருளாயி, எல்லாம் போன பிறகு காவலா என்று சிரித்துவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கமும் ஒரு சிரிப்பு கேட்டிருக்கும்.

உபதேசியார் குரலை உயர்த்தினார். தேவன் மனுஷனைப் பொம்மையாகப் படைக்கவில்லை, சுயசித்தம் கொடுத்திருக்கிறார், தொடுவதும் தொடாததும் அவனவன் இஷ்டம் என்றார். தொடுவான் என்று சாமிக்கு முன்கூட்டியே தெரியுமா தெரியாதா என்று சோணை கேட்டான். உபதேசியார் வேதத்தை மூடினார். அன்று இரவு கருவாட்டுக் குழம்பை அவர் தொடவில்லை என்று கிருபையம்மாள் மறுநாள் என்னிடம் சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். வாத்தியார் வேலையும் பார்த்த மனுஷன், கேள்வியில் தோற்றால் தூக்கம் வருமா? பந்தலுக்கு மேலே கிடந்த கொடியை இழுத்து, குலை ஓலைக் கொட்டகை வாசலுக்கு நேராக, கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கும்படி கட்டினார். பிறகு இரண்டு பேரையும் கூப்பிட்டு, கொய்யா தின்னுங்கள், பப்பாளி தின்னுங்கள், இதை மட்டும் தொடாதீர்கள் என்றார். அதுவரைக்கும் அந்தக் குலையை அவர்கள் ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை.

மசக்கைக்காரி முகத்துக்கு எதிரே புளிப்பைத் தொங்கவிட்டு இது என்ன விளையாட்டு என்று கிருபையம்மாள் கேட்டிருக்கிறாள். பாடம் என்றாராம். தின்றுவிட்டு, ஆதாம் ஏவாளைக் கைகாட்டினது மாதிரி சோணையும் இருளாயியைக் கைகாட்டுவான், அந்த நேரம் பார்த்து உட்காரவைத்துச் சொன்னால் மண்டையில் ஏறும் என்றாராம். தின்னாவிட்டால் என்று இவள் கேட்டபோது கயிற்றை இன்னொரு முடிச்சு இறுக்கினாராம்.

அந்த வாரம் பூராவும் எங்கள் கிணற்றில் தண்ணீர் வற்றும் அளவுக்கு இறைத்தோம். வெயில் கொளுத்தியது. இருளாயி காலையில் வாந்தி எடுப்பாள், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள், நிமிர்ந்தால் எதிரே துணிப்பை. பைக்குள் காய் நிறம் மாறுவது துணிக்கு வெளியே தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவாள். சோணை ஒரு நாள் பையைப் பார்த்துவிட்டு, கொடியை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றையும் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. உபதேசியார் கோட்டுப் போட்டு, வேதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினவர் கொடிப்பக்கம் போனார். பை சப்பையாகத் தொங்கியது. அவிழ்த்துப் பார்த்தால் குலையில் ஒரு பக்கம் வெறும் காம்பு. அணில் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எந்த அணிலும் தின்று முடித்துப் பை வாயை மறுபடி முடிச்சுப் போட்டுவிட்டுப் போகாது. தான் எதிர்பார்த்ததுதான் என்றாலும், பழம் போனதைக் கண்ணால் கண்டதும் அவருக்குப் பாடம் மறந்துபோய் ஆத்திரம் வந்துவிட்டது. தெரு கேட்கும்படி, களவு, என் வீட்டில் களவு என்று சத்தம் போட்டார்.

வாசலில் சைக்கிள் ஒன்று நின்றது.

ஏட்டு முகம்மது கனி. காஜிமார் தெருக்காரர். மாதத்துக்கு ஒரு தடவை வந்து சோணை இருக்கிறானா, சீட்டு இருக்கிறதா என்று பார்த்துப் போவார். அன்றைக்குப் பார்த்து வந்தார்.

"என்ன களவு, உபதேசியாரே?"

உபதேசியார் திரும்பிப் பார்த்த பார்வையைப் பார்த்திருக்க வேண்டும். சொன்ன வார்த்தையை விழுங்க முடியுமானால் விழுங்கியிருப்பார். ஏட்டு அதற்குள் உள்ளே வந்து காம்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார், சோணையைக் கூப்பிட்டார். யார் எடுத்தது என்று கேட்டார்.

சோணை பையை வாங்கி முடிச்சைப் பார்த்தான். விறகுக் கட்டுக்குப் பெண்கள் போடுகிற முடிச்சு. அவனுக்கு விளங்கிவிட்டது; முகத்தில் ரத்தம் சுண்டியது எங்களுக்கே தெரிந்தது. கொட்டகை வாசலில் இருளாயி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உபதேசியார் உதடு அசைந்தது. அவர் மனசுக்குள் எழுதி வைத்திருந்த கட்டம் இதுதான். சோணை ஒரு விரலை நீட்டினால் போதும், அவன் தப்பிப்பான், அவர் பாடமும் ஜெயிக்கும்.

"காவல் நாந்தேன் ஏட்டையா. என் காவல்ல போச்சு. ஈடு நான் கட்டுறேன்."

"எடுத்தது யாருன்னு கேட்டேன். நீயா?"

சோணை வாய் திறக்கவில்லை. பேசாமல் இருந்தால் உன் பேரில்தான் எழுதுவேன் என்றார் ஏட்டு. சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். சோணை கொட்டகைக் கூரையில் சொருகியிருந்ததை எடுத்து வந்து நீட்டினான். ஏட்டு அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். கிழிப்பதற்கும் அப்படித்தான் பிடிப்பார்கள். கிணற்றடியில் யாரோ வாளியை விட்டுவிட்டார்கள். அது உள்ளே போய் விழுந்த சத்தம்கூட எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

இருளாயி தூணை விட்டுவிட்டு வந்தாள்.

"நாந்தேன் தின்னேன். பாம்பு கீம்பு ஒண்ணும் வந்து சொல்லல. எனக்கே தின்னணும்னு இருந்துச்சு, தின்னேன். இவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா மேல கெடந்த குலைய இழுத்து என் மூஞ்சிக்கு நேரா கட்டுனது அய்யா. அவுக கட்டுனாக, நான் தின்னேன். ஆளுக்குப் பாதி."

ஏட்டு சீட்டிலிருந்து தலையைத் தூக்கி, எதற்காகக் கட்டினீர்கள் என்று உபதேசியாரைக் கேட்டார். உபதேசியார் பாடம், சோதனை, ஆதாம் என்று துண்டு துண்டாக ஏதோ சொன்னார்.

"ஆதம் நபி சங்கதி எங்க கிதாபுலயும் இருக்கு. தப்புப் பண்ணாக, அழுதாக, அல்லா மன்னிச்சான். அதுக்கு மேல பேச எனக்கு ஓதிப் படிச்ச எலும் கிடையாது. எனக்குத் தெரிஞ்சது புகார். களவுன்னு நீங்க சொன்னத என் காது கேட்டுச்சு. களவா, குடுத்ததா? ஒண்ணச் சொல்லுங்க, நான் போகணும்."

உபதேசியார் நெற்றியில் வேர்வை வழிந்து கோட்டுக் காலரில் இறங்கியது. கக்கத்தில் வேதம். கொடுத்தேன் என்றால் பொய். களவு என்றால் மெய், அந்த மெய்யைக் கேட்டதும் ஏட்டு கை சீட்டைக் கிழிக்கும். நான் பிடிக்க வைத்த பொறி என்றால் அதுவும் மெய். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தெருவே நிற்கிறது. அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் யாரும் நகரவில்லை. நகர்ந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும், அது வாஸ்தவம்.

கிருபையம்மாள் அடுப்படியிலிருந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"ஈடு யாரு கட்டணும்னு அன்னைக்கு அந்தத் தம்பி கேட்டுச்சு. நீங்க புஸ்தகத்த மூடிட்டீங்க. சாமி கட்டலையா? சொந்தப் பிள்ளையச் சிலுவையில குடுத்துக் கட்டலையா? அதத்தான வாராவாரம் நின்னுக்கிட்டுப் பாடுறோம். அவரு கட்டிட்டாரு. உங்க பங்க நீங்க கட்டுங்க."

உபதேசியார் கக்கத்திலிருந்த வேதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"களவு இல்லை. இவர்கள் விழவேண்டும் என்று நான் வைத்த பொறி. குற்றம் என்று எழுதுவதானால் என் பேரில் எழுதுங்கள்."

ஏட்டு, உங்கள் பேரில் எழுத என்னிடம் சட்டம் இல்லை, இவர்கள் பேரில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சீட்டை மடித்துச் சோணை கையில் வைத்தார். கிணற்றடியில் எல்லோரும் மூச்சு விட்டோம். காரியம் முடிந்தது, இனி கிருபையம்மாள் காப்பி கொடுப்பாள், ஏட்டு குடித்துவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தோம்.

சோணை சீட்டைக் கூரையில் சொருகவில்லை. உபதேசியார் வீட்டுப் பெஞ்சில் கொண்டுபோய் வைத்தான். காவல் கம்பைப் பக்கத்தில் சாத்தினான். ஈட்டை நீங்கள் கட்டிவிட்டீர்கள், அதில் குறையில்லை என்றான். ஆனால் களவு போகட்டும் என்றே ஆள் கட்டித் தொங்கவிட்ட பொருளுக்குத் தன்னால் காவல் இருக்க முடியாது என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் இருளாயி கொட்டகைக்குள் போய்ப் பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஏட்டுதான் பதறினார். ஜாமீன் இந்த வீட்டுக்குத்தான், இதை விட்டுப் போனால் சீட்டு செல்லாது, பொழுது சாய உன் ஊர் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், பிள்ளைத்தாச்சி தனியாகக் கிடப்பாள், யோசித்துப் பார் என்றார். தெரியும் ஏட்டையா என்றான் சோணை.

"உங்களை யாரும் போகச் சொல்லவில்லையே, சோணை." உபதேசியார் குரல் கெஞ்சியது.

"அதேன் இப்பப் போறேன்ய்யா. நீங்க சொன்ன பெறகு போனா, வெரட்டி விட்டாகன்னு ஆயிரும்."

இரண்டு பேரும் வாசலைத் தாண்டி மேற்கே போகிற வண்டிப்பாதையில் இறங்கினார்கள். நாலு புளிப்புப் பழத்துக்காக நிம்மதியான தூக்கத்தை விட்டுவிட்டுப் போகிற பைத்தியக்காரன் என்று எங்களில் பாதிப் பேர் சொன்னோம். கோயில் மணி அடித்தது. அன்றைக்கு உபதேசியார் பிரசங்கம், ஏதேன் தோட்டத்தைப் பற்றி. சபை வந்து உட்கார்ந்திருக்கும்.

உபதேசியார் பெஞ்சில் கிடந்த சீட்டை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டார். கோயில் கிழக்கே. அவர் செருப்புக்கூடப் போடாமல் மேற்கே நடந்தார். நடை ஓட்டமாயிற்று. நாங்கள் சுவரோரமாகவே கூடப் போனோம். பாதை திரும்புகிற இடத்தில் அவர்களை எட்டிப் பிடித்தார். என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அவர் இருளாயி தலையிலிருந்த பாய்ச்சுருட்டை இறக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். சோணை வேண்டாம் என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மூன்று பேரும் மேற்கே போனார்கள்.

கோயிலில் சபை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாட்டைத் தானே ஆரம்பித்துக்கொண்டது.