எங்கள் வீட்டுக் காற்றில் புளித்தது

என் தம்பிக்கு வருஷத்துக்கு ஒரு பைத்தியம். போன வருஷம் மீன் தொட்டி, இந்த வருஷம் பீர். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவன், பெண்டாட்டியோடு பேசுவதைவிட ஈஸ்ட்டோடு பேசுவதுதான் அதிகம். ஊர் ஊராகப் போய், சின்னச் சின்ன ஆலைகளில் காய்ச்சும் பீரை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களை உட்காரவைத்துப் பரீட்சை நடத்துவான். எந்த ஊர் பீர் என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். பெயர் தெரியக்கூடாது என்று பாட்டிலுக்கெல்லாம் காலுறை மாட்டிவிடுவான். துவைத்த காலுறைதானா என்று நான் கேட்காத ஞாயிறு கிடையாது.

இருப்பதே நாலு பேர். தம்பி, அவன் மனைவி, நான், அப்புறம் குழாய்க்காரர். அவர் செத்துப்போன என் வீட்டுக்காரரின் சிநேகிதர். சுவருக்குள் எங்கே ஒழுகுகிறது என்று மோந்து பார்த்தே சொல்கிற மனுஷன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவள். என் பிழைப்பு கண்ணில்தான். மூக்கு எனக்கு முகத்தில் சும்மா இருக்கிறது.

மகளையும் கூப்பிட்டுப் பார்த்தேன். "உங்க கூத்துக்கு நடுவுல நான் எதுக்கும்மா? படிக்கணும்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். பன்னிரண்டு வயது. தம்பி வீட்டுக்குக் கிளம்பும்போது வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"பயமா இருந்தா என்ன பண்ணணும்?"

"என் ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கணும். ஆயிரம் தடவ சொல்லிட்ட, போம்மா."

முதல் காலுறை கசந்தது. "எலுமிச்சை இலையைக் கசக்குன மாதிரி இருக்கு. மலைப்பக்கம்" என்றார் குழாய்க்காரர். சரி. அடுத்தது நாக்கில் லேசாக உப்புக் கரித்தது. "கடலோரம்." அதுவும் சரி. மூன்றாவதில் பழுத்த வாழைப்பழ வாசனை. "கோதுமைல காய்ச்சுனது. ஆத்துப் படுகைப் பக்கமா இருக்கும்." தம்பி காலுறையை உருவிக் காட்டினான். அதுவும் சரியாகவே இருந்தது. எனக்கு மூன்றுமே பீர்தான். ஆனாலும் பெரிய நிபுணர் மாதிரித் தலையாட்டி, மலைப்பக்கத்துக்கே முதல் பரிசு கொடுத்தேன். தம்பி மனைவி கடலோரத்துக்காக என்னோடு சண்டைக்கு வந்தாள்.

"இதெல்லாம் ஊர் பீர். இப்ப வருது பாருங்க வீட்டு பீர்!" என்று தம்பி உள்ளே போய் மூன்று பாட்டிலோடு வந்தான். "மழைக்கு முன்னாடி ஆளுக்கொரு பாத்திரம் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மால்ட், அதாவது முளைகட்டி வறுத்த பார்லியைக் காய்ச்சிய சாறு. ஈஸ்ட் போடாமல் கொடுத்திருந்தான். ஒரு ராத்திரி ஏதாவது ஓர் அறையில் மூடாமல் திறந்து வைக்கச் சொன்னான். அந்த அறைக் காற்றில் இருப்பது தானாக உள்ளே விழுந்து புளிக்கவைக்குமாம். காலையில் வந்து எடுத்துப் போய்விட்டான். நான் அத்தோடு மறந்துவிட்டேன்.

"காத்துக்குக் காத்து ருசி மாறும்க்கா. வீட்டுல யாரு இருக்காங்களோ, அதுதான் பாட்டில்ல வரும்."

அவன் வீட்டு பாட்டிலில் ரொட்டி மணந்தது. "படுக்கைல கூட இதே நாத்தந்தான்" என்றாள் அவன் மனைவி. குழாய்க்காரர் வீட்டுப் பாட்டிலில் ஈரச் சுவர் வாசனை. "ஊரு வீட்டு ஒழுகலை எல்லாம் அடைச்சீங்க, சொந்தச் சுவர் ஊறிக் கிடக்கு!" என்று நான் சொல்ல, அவர் புரையேறிச் சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அப்புறம் என் வீட்டு பாட்டில்.

குழாய்க்காரர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவர், குடிக்காமல் அப்படியே நின்றார்.

"கிராம்பு" என்றார். இன்னொரு தடவை மோந்தார். "தோலு. பழைய பெல்ட்டுத் தோலு." கண் கலங்கிவிட்டது. "அடப்பாவி, இது நம்ம ஆளு!"

அவர் சொன்னது என் வீட்டுக்காரரை.

ஊருக்கெல்லாம் அவர் தங்கமான மனுஷன். குடித்த வாசனை தெரியாமலிருக்கக் கிராம்பை மெல்லுவார். வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றுவார். எதற்கென்று எனக்கும் என் மகளுக்கும் மட்டும் தெரியும். யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? மார்பைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் விழுந்து அவர் போன அன்று, என்னைவிடக் குழாய்க்காரர்தான் அதிகம் அழுதார். அன்று ராத்திரி நான் தூங்கினேன் பாருங்கள், அப்படி ஒரு தூக்கம்! மறுவாரமே கட்டிலைத் தூக்கிப் போட்டேன், பெல்ட்டை எரித்தேன், வீடு முழுக்க ஃபினாயில் ஊற்றித் தேய்த்துச் சுண்ணாம்பும் அடித்தேன்.

"அக்கா, ஏன் இப்படி வெளுத்துப் போற?" என்று தம்பி என் தோளைப் பிடித்தான். "காத்துல இருக்கிற ஈஸ்ட்டுல கிராம்பு வாசனை வரும். தோல் வாசனையும் வரும். புத்தகத்துலயே போட்டிருக்கான்."

அப்பாடா என்று இருந்தது. கிளாஸைக் கையில் எடுத்தேன்.

"தைலமும் இருக்குடா" என்றார் குழாய்க்காரர். "தலைவலித் தைலம். காதுக்குப் பின்னால தடவிக்குவானே, அது."

தம்பி வாங்கி மோந்து பார்த்தான். ஒரு வாய் குடித்தான். பிறகு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"தைலம் ஈஸ்ட்டுல வராதே" என்றான்.

நானும் மோந்தேன். எதற்கும் உதவாத என் மூக்குக்கு, முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. காதோரம் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசும்போது வருகிற வாசனை.

தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணன் உங்களை விட்டுப் போகல அண்ணி. உங்களுக்கும் பிள்ளைக்கும் காவலா வீட்டுலயேதான் இருக்காரு."

குழாய்க்காரர் மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இருக்கட்டும். அவன் வீடுதானே" என்றார்.

நான் என் கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

"மாமா ரூம்லதானே பாத்திரத்தை வச்ச?" என்று கேட்டான் தம்பி. "அங்க இத்தனை வருஷம் படுத்து எந்திரிச்சவரு. சுவர்ல ஊறியிருக்கும். அவ்வளவுதான்க்கா விஷயம்."

தலையை ஆட்டிவைத்தேன். ஆனால் அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. சுண்ணாம்பு அடித்து முடித்ததிலிருந்து நான் அதில் விளக்குப் போட்டதில்லை. பாத்திரத்தை வைத்தது என் மகளின் அறையில், ஜன்னலுக்குக் கீழே.

அந்த அறைக்கு உள்தாழ்ப்பாளை நான்தான் மாட்டினேன். கடையிலிருந்து திருப்புளி எடுத்துவந்து, அவர் இல்லாத ஒரு மத்தியானம், கட்டைவிரல் தடிமனுக்கு இரும்புத் தாழ்ப்பாள். பெல்ட் இடுப்பைவிட்டு வருவதற்குள் பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். வெளியே நின்று கதவை இடிப்பார். வாய்க்கு வந்தபடி ஏசுவார். பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசியில் அலுத்துப் போய்விடுவார். உயிரோடு இருந்தவரைக்கும் அந்த வாசலை அவர் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. எங்களுக்கென்று இருந்தது அந்த ஓர் அறைதான்.

இப்போது அங்கேதான் இருக்கிறார்.

"எங்கக்கா போற? மார்க்கு இன்னும் போடலையே" என்றான் தம்பி. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். கீழே தெருவில் நல்ல வெயில், யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுடி, எடுடி என் கண்ணே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

எடுத்தாள். குரல் கிசுகிசுவென்று வந்தது.

"அம்மா, ஹால்ல உக்காந்து படிச்சிட்டிருந்தேன். யாரோ நடக்கிற மாதிரி சத்தம் கேட்டுச்சு. நாற்காலி கூட நகர்ந்துச்சும்மா."

"தெருவுக்கு ஓடு! செருப்பு கூட வேணாம், இப்பவே கதவைத் திறந்துட்டு ஓடு!"

"ஏம்மா கத்துற? சத்தம் நின்னு போச்சு. நான் இப்ப ஹால்ல இல்ல" என்றாள் என் மகள், என்னைத் தேற்றுகிற குரலில். "நீ சொல்லிக்குடுத்த மாதிரியே என் ரூமுக்குள்ள வந்து தாழ்ப்பாள் போட்டுட்டேன்."